கடலூர், புதுச்சேரி மகப்பேறு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்: தத்தெடுப்பைப் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பணியாற்றும் மகப்பேறு மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், செவிலியர்கள், கருத்தரிப்பு மையங்களை நடத்துவோர் அனைவருக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் கடலூரில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். எனக்குத் திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் எட்டு ஆண்டுகள் உங்கள் காத்திருப்பு அறைகளில் கழிந்தன. கடலூரில் பார்த்தோம்; பிறகு முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்ப் பார்த்தோம்; பேருந்தில் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு திரும்பிய நாள்களும் உண்டு. 2022 டிசம்பரில் தத்தெடுப்புக்குப் பதிவு செய்தோம். இன்னும் காத்திருக்கிறோம்.

இந்த மடலை மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளையில்லாத தம்பதியர் முதலில் வந்து நிற்கும் இடம் உங்கள் மருத்துவமனை. பெற்ற பிள்ளையை வளர்க்க முடியாத பெண் வந்து சேரும் இடமும் அதுவே. இந்த இரண்டு துயரங்களும் ஒரே கூரையின் கீழ், சில வேளைகளில் ஒரே தளத்தில், சந்திக்கின்றன. அங்கே உங்களில் ஒருவர் சொல்லும் ஒரு சொல், ஒரு குழந்தை சட்டப்படி ஒரு வீட்டுக்குப் போவதா, அல்லது பொய்யான தாளோடு வாழ்நாள் முழுவதும் நடப்பதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அந்தச் சொல் சரியானதாகவும் உரிய காலத்திலும் வரவேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதைக் குறிப்பிட விரும்பவில்லை. 2021ஆம் ஆண்டு, மூன்றாவது சோதனைக்குழாய் சிகிச்சையும் கைகூடாமல் போன மாலை. என் கணவர் மருந்தகத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர், ஏழெட்டு ஆண்டுகளாக என்னைப் பார்த்துவருபவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: “எட்டாம் மாசத்துல ஒரு பொண்ணு இருக்கும்மா. படிக்கிற பொண்ணு, கல்யாணம் ஆகல. பொறந்ததும் உன் பேர்லயே சீட்டு போட்டுரலாம். நீயே பெத்த மாதிரி. யாருக்கும் தெரியாது.” அதன்பின் ஒரு தொகையையும் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்றார்.

அந்த அம்மா கெட்டவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. என் கண்ணீரை அவர் எட்டு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார். நாங்கள் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. என் நாத்தனார், “வேப்பமரத்துல தொட்டில் கட்டினியே, அது வீடு தேடி வருது, விடாதே” என்றார். நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். என்னைத் தடுத்தது என் வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைக்கு வரும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, தாய் பெயர், தந்தை பெயர், பிறந்த இடம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுபவள் நான். ஒரு எழுத்து மாறியிருந்தால் திருத்தி வரச் சொல்லித் திருப்பி அனுப்புபவள். 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று இப்போது சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தாளின் முதல் வரியே பொய்யாக இருந்தால், அந்தக் குழந்தையின் ஆயுள் முழுவதும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கவேண்டும். என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர் வாய்திறந்தால், நான் அம்மா என்று கூப்பிடப்பட்ட வீட்டிலிருந்து அதை அழைத்துச் சென்றுவிடுவார்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

அதன்பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். உங்களில் பெரும்பாலோர்க்கு இது தெரிந்திருக்கலாம். ஆனால் என்னிடம் பேசிய அந்த அம்மாவுக்குத் தெரியாது; உங்கள் வார்டுகளில் வேலை செய்யும் பலருக்கும் தெரியாது என்று நம்புகிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், கைவிடப்பட்ட அல்லது தனித்து விடப்பட்ட குழந்தை ஒன்று தன் கைக்கு வந்தால், எந்தத் தனிமனிதரும், எந்த மருத்துவமனையும், எந்த மகப்பேறு இல்லமும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. மகப்பேறு இல்லம் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. தெரிவிக்காமல் இருப்பது 34ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரையிலான சிறைக்கோ, 10,000 ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். முறையான நடைமுறை இல்லாமல் குழந்தையைத் தத்துக் கொடுத்தாலும் பெற்றாலும் 80ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை. விற்றாலோ வாங்கினாலோ 81ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும். அதையே குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர், மருத்துவமனை ஊழியர் உட்பட, செய்தால் தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை நீளும். 2019இல் ராசிபுரத்து ஒலிப்பதிவு ஒன்று தமிழ்நாடு முழுவதும் கேட்கப்பட்டபோது, குழந்தையின் நிறத்துக்கும் பாலினத்துக்கும் தனித்தனி விலை சொன்ன அந்தக் குரலைக் கேட்டு எல்லோரும் பதறினோம். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய குரல் அதுபோன்றது இல்லை. ஆனால் போய்ச் சேரும் இடம் அதுதான்.

“சார்பதிவாளர் ஆபீசில் ஒரு தத்துப் பத்திரம் போட்டால் முடிந்தது” என்ற யோசனையையும் உங்கள் வளாகத்திலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உறவுக்குள் அண்ணன் பிள்ளையை, தங்கை பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் அதன் வழியாகவே செய்கின்றன. ஆனால் அந்தச் சட்டப்படி குழந்தையைக் கொடுக்கும் உரிமை அதைப் பெற்ற தாய்க்கும் தந்தைக்கும்தான், அதுவும் மற்றவரின் சம்மதத்தோடுதான். காப்பாளர் கொடுப்பதானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். குழந்தைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஆண் ஒருவர் பெண் குழந்தையை எடுத்தாலோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையை எடுத்தாலோ இருவருக்கும் 21 ஆண்டு இடைவெளி வேண்டும். மகன் இருப்பவர் மகனையும், மகள் இருப்பவர் மகளையும் எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 17ஆம் பிரிவு ஒரு காசு கைமாறினாலும் குற்றம் என்கிறது. வார்டு ஊழியரோ இடைத்தரகரோ ‘கொடுப்பவர்’ ஆகவே முடியாது. பத்திரம் எழுதுவதால் மட்டும் குறை நிறைவாகிவிடாது.

இந்து, பௌத்த, சமண, சீக்கிய மதத்தவர் அல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லை. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் இருந்து உங்களிடம் வரும் இஸ்லாமியத் தம்பதியரில் பலர், தங்களுக்குத் தத்தெடுக்கவே சட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. எந்த மதத்தைச் சேர்ந்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகத் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. விரும்பினால் வழி உண்டு. இதை அவர்களுக்குச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

இனி நான் மிகுந்த அக்கறையோடு கேட்க விரும்புவது காலத்தைப் பற்றி.

சிகிச்சை நடந்த எட்டு ஆண்டுகளில் ஒரு மருத்துவர்கூட என்னிடம் ‘தத்தெடுப்பு’ என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. உச்சரித்தால் நாங்கள் மனம் உடைந்துவிடுவோம் என்ற நல்லெண்ணம் காரணமாக இருக்கலாம். ஆனால் சட்டம் எங்கள் வயதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியர் இருவரின் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டுக்கு 100, எட்டு முதல் 18க்கு 110. தனியாக எடுப்பவருக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. பதிவு செய்யும் நாளில் இருக்கும் வயதுதான் கணக்கு. ஓர் ஆண்டு கழிந்தால் தம்பதியருக்கு இரண்டு வயது கூடிவிடுகிறது என்பதை எங்களில் யாரும் யோசிப்பதில்லை.

என் பெரியம்மா மகள், நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். ஐந்து முறை சோதனைக்குழாய் சிகிச்சை செய்துகொண்டார். “இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கலாம்” என்ற சொல் ஒவ்வொரு முறையும் ஓராண்டையோ ஒன்றரை ஆண்டையோ எடுத்துக்கொண்டது. நகை போனது, நிலத்தின் ஒரு பகுதி போனது. கடைசியில் தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்து வந்து உட்கார்ந்தபோது அவருக்கு 42, அத்தானுக்கு 46. கூட்டினால் 88. கைக்குழந்தைக்கான கதவு மூடியிருந்தது. நான்தான் கணினி முன் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா?” அப்போது 84 என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பதிவு செய்திருக்கிறார்கள்; மனதார ஏற்றுக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தாங்களே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் அல்லவா? யாரோ சொல்லாமல் விட்டதனால் அது அவர்கள்மேல் விழுந்திருக்கக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. சிகிச்சையைத் தொடங்கும்போதே, இந்த வழியும் இருக்கிறது, இதற்கு இந்த வயதுக் கணக்கு இருக்கிறது என்று ஒரு முறை சொல்லுங்கள். சிகிச்சையை விடச் சொல்ல வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர் பதிவு செய்யக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. இன்றைய நிலையில் நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். தத்துக்கு விடுவிக்கப்பட்டுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை அதில் மிகச் சிறு பங்கு. 2024–25ஆம் ஆண்டில் நடந்த தத்தெடுப்புகள் 4,515. பல ஆண்டுகளில் இதுவே மிகுதி. காத்திருப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. வரிசையில் மூப்பு, பதிவும் ஆவணங்களும் நிறைவடைந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. முன்னதாகச் சொல்லப்படும் ஒரு சொல்லின் மதிப்பு இந்த எண்களில் தெரியும்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் யாராவது கேட்டால் சொல்ல உதவும். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் நாமே நேரடியாகப் பதிவு செய்யலாம். தரகர் தேவையில்லை. வயதுச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, பான் அட்டை, மருத்துவச் சான்று ஆகியவற்றை ஏற்றவேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டுகளாவது நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். இருவர் சம்மதமும் வேண்டும். தனியாக வாழும் பெண் ஆண் குழந்தையையும் எடுக்கலாம், பெண் குழந்தையையும் எடுக்கலாம்; தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் 25 ஆண்டு இடைவெளி வேண்டும். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சமையலறையைப் பார்த்தார், மாமியாரோடு தனியே பேசினார், “குழந்தை உங்களைப் பார்த்து நீ என் அம்மா இல்லை என்று என்றாவது சொன்னால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். எட்டு ஆண்டுகளில் என்னை யாரும் கேட்காத கேள்வி. நான் பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டேன். அவர் பொறுமையாக இருந்தார். கட்டணங்களும் விதியிலேயே வரையறுக்கப்பட்டவை, ரசீது உண்டு. எங்கள் மாவட்டத்தவர் கடலூரிலும், புதுச்சேரியில் வசிப்பவர் ஒன்றியப் பிரதேசத்தின் அமைப்புகளிலும் உதவி கேட்கவேண்டும். சிகிச்சைக்கு எல்லை தாண்டிப் போய்ப் பழகிய எங்களுக்கு இது முதலில் குழப்பமாக இருந்தது. பதிவு செய்யும் இணையதளம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மருத்துவச் சான்று என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு இடங்களில் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். விதி கேட்பது, உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை என்பதைத்தான். அப்பழுக்கற்ற உடம்பை அது கேட்கவில்லை. இருப்பதை இருப்பதாக எழுதித் தந்தால் போதும்.

இதைவிடப் பெரிய தேவை ஒன்று பின்னால் வருகிறது. அதை நான் விலைகொடுத்துக் கற்றேன். இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்களுக்கு ஒரு குழந்தைக்கான பரிந்துரை வந்தது. ஒரு புகைப்படம், குழந்தையைப் பற்றிய ஓர் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை எங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மருத்துவ அறிக்கையில் இதயம் தொடர்பாக மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. இரவு இரண்டு மணி வரை செல்பேசியில் தேடினோம். தேடத் தேடப் பயம் கூடியது. சனிக்கிழமை காலை ஒரு மருத்துவரிடம் ஓடினோம். அறிக்கையைக் கையில் வாங்காமலே, “தத்துக் குழந்தை விஷயத்தில் நான் கருத்துச் சொல்வதில்லை, பின்னால் என்னைக் கேட்பீர்கள்” என்றார். இன்னோர் இடத்தில் மருத்துவர் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூட்டியிருந்தது. இரவு எட்டு மணி அடித்தபோது செல்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் படம் திரையிலிருந்து போய்விட்டது. திங்கட்கிழமை ஒரு குழந்தை மருத்துவர் பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிட்டு, இப்படிப்பட்டவை பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும், தொடர்ந்து பார்த்துவந்தால் போதும் என்றார். அந்தக் குழந்தையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அது இப்போது நல்ல வீடு ஒன்றில் இருக்கும் என்று நம்புகிறேன். ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

எங்கள் அறியாமையும் அதில் இருந்தது. 48 மணி நேரம் என்பது ஒதுக்கிக்கொள்வதற்குத்தான் என்பதும், அதன்பின் குழந்தையை நேரில் போய்ப் பார்க்கவும், நாங்கள் நம்பும் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டிக் கேட்கவும் விதியிலேயே இடம் உண்டு என்பதும் எங்களுக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. குழந்தை மருத்துவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கையில் இப்படி ஓர் அறிக்கையோடு ஒருவர் வந்து நின்றால், டோக்கன் முடிந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், பத்து நிமிடம் கொடுங்கள். எடுக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இதற்கு என்ன சிகிச்சை, எவ்வளவு காலம் என்று தமிழில் சொல்லுங்கள். முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது அந்த எட்டாம் மாதப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. அவளைப் பற்றி அன்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. சட்டம் அவளைப் பற்றி யோசித்திருக்கிறது. வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் தாய், குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து, ஆலோசனை பெற்று, ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் குழந்தையை ஒப்படைக்கலாம். அதற்காக அவளைத் தண்டிக்க முடியாது. அவள் பெயர் வெளியே வராது. கையெழுத்திட்ட பிறகும் அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. மனம் மாறினால் வந்து தன் குழந்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் அந்தக் குழந்தை தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்படும். மாடிப்படியில் நடக்கும் பேரத்தில் அவளுக்கு இந்த இரண்டு மாதம் இல்லை. ஒரு நாள்கூட இல்லை. மயக்கம் தெளிவதற்குள் குழந்தை வேறு பெயருக்குப் போய்விடுகிறது. காத்திருக்கும் எனக்கு அந்த இரண்டு மாதம் நீளம்தான்; ஆனாலும் அது அவளுடையது, அதிலிருந்து ஒரு நாளையும் நான் கேட்கமாட்டேன்.

கைவிடப்பட்டுக் கிடைக்கும் குழந்தைக்கும் இப்படித்தான். இரண்டு வயதுக்குட்பட்டதாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதாக இருந்தால் நான்கு மாதத்துக்குள்ளும் பெற்றோரைத் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் நலக் குழு அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பெற்றோரைத் தேடிக் குழந்தைகள் அலைந்த நாள்களில், எங்கெங்கிருந்தோ நல்லெண்ணத்தோடு மக்கள் எங்களுக்கு ஒரு குழந்தை கொடுங்கள் என்று கேட்டார்கள். அரசு அப்படிக் கொடுக்க மறுத்து, கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் காப்பகம் அமைத்தது. அன்று நான் பள்ளி மாணவி. ஏன் கொடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டேன். “பத்து நாள் கழிச்சு அப்பன்காரன் வந்து நின்னா என்ன சொல்றது?” என்றார். அந்தப் பதிலுக்குள் இந்தச் சட்டம் முழுவதும் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வளர்க்க முடியாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 900க்கும் கீழே போனது தெரிந்த பிறகு, கடலூருக்கும் விரிவாக்கப்பட்டது. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த வீடுகள் நம் ஊரில் இருந்தன என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தத் தொட்டில் வைக்கப்பட்டது. அதைப் பற்றியும் உங்கள் வார்டில் ஒரு வரி எழுதி ஒட்டினால், பிரசவித்துப் படுத்திருக்கும் ஒருத்தி யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமலே படித்துக்கொள்வாள்.

தத்தெடுப்பு ஆணை பெற நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பர் 1 முதல் ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். விண்ணப்பம் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆணைக்குப் பிறகு வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்று எங்கள் பெயர்களே இருக்கும். அன்று மாடிப்படியில் எனக்குப் பொய்யாகத் தருவதாகச் சொன்ன அதே தாள், உண்மையாகவே வரும். குழந்தை வீட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். வரட்டும்.

நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை இல்லை. உங்கள் ஊழியர்கள் எல்லோரையும், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் உட்பட, ஒருமுறை உட்காரவைத்து 1098 என்ற எண்ணையும், குழந்தையைக் கைமாற்றுவது என்ன குற்றம் என்பதையும் சொல்லுங்கள். அன்பால் செய்பவர்களும் சிறைக்குப் போவார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரை அழைத்தால் வந்து பேசுவார்கள். கருத்தரிப்பு மையங்களில், சிகிச்சையால் பிறந்த குழந்தைகளின் படங்கள் மாட்டியிருக்கும் அந்தச் சுவரில், ஒரு தாளுக்கு இடம் கொடுங்கள். வயதுக் கணக்கு, பதிவு செய்யும் இடம், தேவைப்படும் ஆவணங்கள், 1098, இரண்டு மாத அவகாசம் ஆகிய இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்குகின்றன. பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளி சனிக்கிழமைகளில் அரைநாள்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கடலூரிலும், அடுத்தடுத்த வாரங்களில் புதுச்சேரியிலும் ஒவ்வோர் இடமாக நானும் என் கணவரும் அதை எடுத்துக்கொண்டு வருகிறோம். பசையும் நாங்களே கொண்டுவருவோம். ஒட்டுவதற்கு இடத்தை மட்டும் காட்டுங்கள்.

இங்ஙனம்,
தத்தெடுப்புக்குப் பதிவு செய்து காத்திருக்கும் ஒரு பெண்
மஞ்சக்குப்பம், கடலூர்